பழைய வேனுக்கு மாற்று என்ஜின்: நம்பி வாங்க, நம்பிப் பூட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வேனின் என்ஜின் படுத்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த என்ஜின் போட்டால் நீடித்து ஓடும்?" என்பதுதான். ஒருவர் ஒரு மாடலின் பெயரைச் சொல்லி அதைத் தவிர வேறெதையும் தொடாதே என்பார். இன்னொருவர் அதே பெயரைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்வார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஒரே மாடல் என்ஜின் ஒரு வண்டியில் ஐந்து லட்சம் கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடும், இன்னொன்றில் ஒரே வருடத்தில் பேரிங்கைத் தின்றுவிடும்.

மாடலின் பெயர் பாதி விவரம்தான். நீங்கள் வாங்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட என்ஜின் இதுவரை எப்படி ஓட்டப்பட்டது, அதை எந்த ரேடியேட்டரோடும் எந்த ஆயில் கூலரோடும் பூட்டப்போகிறீர்கள் என்பது மீதிப் பாதி. மாற்றிய என்ஜின் சீக்கிரம் போய்விட்டது என்று வரும் வண்டிகளில் பலவற்றில், பழைய என்ஜினைக் கொன்ற கோளாறு வண்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கும். புது என்ஜின் அதன் அடுத்த பலி, அவ்வளவுதான். இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்பேன்.

வேனுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். காரின் என்ஜினுக்கு எப்போதாவதுதான் முழுச் சுமை வரும். வேன் பெரும்பாலும் லோடோடும் ஆட்களோடும் ஓடுகிறது, முன்பக்கம் சுவர் மாதிரி காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. என்ஜின் சீட்டுக்கு அடியிலோ பின்பக்கத்திலோ நெருக்கமான இடத்தில் அடைபட்டிருக்கும். சூடு வெளியேற வழி குறைவு. காரில் தாக்குப்பிடித்த என்ஜின் வேனிலும் தாக்குப்பிடிக்கும் என்று அப்படியே நம்பிவிட முடியாது.

படி 1: போனது என்ஜின்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

புகை வருகிறது, இழுவை இல்லை, சத்தம் கேட்கிறது என்பதற்காக என்ஜினையே மாற்றியவர்கள் உண்டு. கடைசியில் போனது ஒரு இன்ஜெக்டராகவோ டர்போவாகவோ இருந்திருக்கும். ஆகவே இறக்குவதற்கு முன் மூன்று சோதனைகள்.

முதலாவது கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேஜ் மாட்டி அளப்பது. பெட்ரோல் என்ஜின் சூடாக இருக்கும்போது பெரும்பாலும் 120 முதல் 180 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும், டீசல் 300 முதல் 450 வரை. உங்கள் என்ஜினின் சரியான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். மொத்த அளவைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். அது 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போனால் ஏதோ ஒரு சிலிண்டரில் பிரச்சினை. பெட்ரோல் என்ஜினில் குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ (என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படலாம்.

இரண்டாவது லீக்டவுன் சோதனை. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து அது எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்பது. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, சைலென்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடி வழியே வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி விட்டால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். என்ஜினைப் பிரிக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் என்ஜினை இறக்கச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் நான் வண்டியை விடமாட்டேன்.

மூன்றாவது ஆயில் பிரஷர். டேஷ்போர்டு விளக்கை நம்பாமல் தனி கேஜ் மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். ஒவ்வொரு ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. கூடவே ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் இரும்பு. செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங் அடித்தட்டு வரைக்கும் தேய்ந்துவிட்டது.

ஹெட் கேஸ்கெட் மட்டும் போயிருந்து, கீழ்ப்பாதி நன்றாக இருந்தால் என்ஜினை மாற்றாதீர்கள். வரலாறு தெரிந்த பழைய என்ஜினைச் சரிசெய்வது, வரலாறு தெரியாத இன்னொன்றை வாங்குவதைவிட எப்போதுமே பாதுகாப்பானது.

படி 2: எதனால் போனது என்று கண்டுபிடியுங்கள்

என்ஜின் உண்மையாகவே போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அவசரம் வேண்டாம். காரணம் தெரியாமல் அடுத்த என்ஜினை வாங்கக் கூடாது.

ஹீட் ஆகிப் போனதா? ரேடியேட்டரை வெளியே கழுவிவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது போதாது. உள்ளே குழாய்கள் அடைத்திருப்பது வெளியிலிருந்து தெரியாது. பழைய என்ஜின் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், அது சூடான பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் முகம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். நடுவே திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் மூடியையும் சோதியுங்கள். 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி, கூலன்ட்டின் கொதிநிலையைச் சுமார் 25 டிகிரி உயர்த்துகிறது. ரப்பர் தளர்ந்த மூடி அந்த 25 டிகிரியை அப்படியே பறித்துவிடும். ஏற்றத்தில் லோடோடு ஏறும்போது அந்த இடைவெளிதான் உங்களைக் காப்பாற்றுவது.

பேரிங் போனதா? அப்படியானால் அதன் உலோகத் துகள் ஆயில் ஓடிய எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. ஆயில் கூலரின் மெல்லிய மடிப்புகளுக்குள் அது தங்கிவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. புது என்ஜினில் சூடான ஆயில் ஓடத் தொடங்கியதும் அந்தத் துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வந்து புதுப் பேரிங்கில் உட்காரும். பேரிங் போன என்ஜினின் ஆயில் கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுங்கள். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களிடம் நான் மன்றாடியே சொல்வேன், வேண்டாம்.

டர்போ வெடித்ததா? டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் ஆயிலும் உடைந்த பிளேடின் சில்லும் இருக்கும். சில்லு உள்ளே போனால் பிஸ்டனைக் கிழிக்கும். அதைவிட மோசமானது, தேங்கிய ஆயிலை டீசல் என்ஜின் எரிபொருளாகவே உறிஞ்சிக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் கண்மண் தெரியாமல் சுற்றுவது. இன்டர்கூலரையும் அதன் குழாய்களையும் கழற்றி முழுதாகச் சுத்தம் செய்யாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

காமன் ரெயில் டீசலில் (உயர் அழுத்த டீசல் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் போகும் வகை) ஹை பிரஷர் பம்ப் நொறுங்கியிருந்தால் வேலை இன்னும் பெரிது. பாஷ் நிறுவனத்தின் சி.பி.4 வகைப் பம்ப் இதற்குப் பெயர்போனது. அது உடைந்தால் உலோகப் பொடி ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன் வழியே டேங்க் வரைக்கும் பரவும். அத்தனையும் மாற்றவோ சுத்தம் செய்யவோ வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் என்ஜின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வோக்ஸ்வேகன் டி5 வேனில் வந்த 180 குதிரைத்திறன் இரட்டை டர்போ 2.0 லிட்டர் டீசல். அதன் ஈ.ஜி.ஆர். கூலர் (என்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) உள்ளே அரித்து, அலுமினியம் ஆக்ஸைடு பொடி இன்லெட் வழியே சிலிண்டருக்குள் போகும். அது உப்புத்தாள் போல் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும். வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், கடைசியில் கம்ப்ரஷன் போகும். இப்படிப் போன என்ஜினை இறக்கிவிட்டு, புது என்ஜினில் பழைய ஈ.ஜி.ஆர். கூலரையே திரும்ப மாட்டினால் புது என்ஜினும் அதே வழியில் போகும். மாற்றும்போது திருத்தப்பட்ட வடிவிலான கூலரைத்தான் போட வேண்டும்.

படி 3: என்ன வகை என்ஜின் வாங்குகிறோம் என்று தெளிவு கொள்ளுங்கள்

உங்கள் என்ஜினையே பிரித்து, போரிங் போட்டு, கிராங்க் கிரைண்ட் செய்து கட்டுவது ஒரு வழி. தொழிற்சாலை முறையில் மறுஉற்பத்தி செய்த என்ஜினைப் பழையதைக் கொடுத்து வாங்குவது இன்னொன்று. கழிவு வண்டியிலிருந்து எடுத்த செகண்ட் ஹேண்ட் என்ஜின் மூன்றாவது. நான்காவது, வேறு மாடல் என்ஜினையே வேனுக்குள் பொருத்துவது.

நல்ல லேத் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் என் முதல் தேர்வு உங்கள் சொந்த என்ஜினை மறுபடி கட்டுவதுதான். பிளாக் உங்களுடையது, எண் மாறாது, ஒயரிங் மாறாது, ஒவ்வொரு அளவும் உங்கள் கண் முன்னே எடுக்கப்படும். பிளாக் உடைந்திருந்தால் மட்டும் இந்த வழி அடைபடும். நேரம் இல்லாதவர்களுக்கு மறுஉற்பத்தி என்ஜின். செகண்ட் ஹேண்ட் என்பது மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டிய காரியம், ஆனால் தவறான காரியம் அல்ல. ஓட்டம் குறைவான விபத்து வண்டியின் என்ஜின் கிடைத்தால், அது சுமாராகக் கட்டிய என்ஜினைவிடப் பல மடங்கு மேல்.

"ரீகண்டிஷன்", "ஓவர்ஹால்", "ரீபில்ட்" என்ற சொற்களுக்கு எல்லோரும் ஒரே பொருள் கொள்வதில்லை. கழுவிப் பெயின்ட் அடித்து, புது கேஸ்கெட் போட்டதையும் சிலர் ரீகண்டிஷன் என்பார்கள். பெயரைக் கேட்காதீர்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விகள் ஆறாம் படியில்.

படி 4: அந்த மாடலின் பிறவிக் குறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

குறையே இல்லாத என்ஜின் கிடையாது. எந்தக் குறை என்று தெரிந்தால் அதை முன்பே சரிசெய்யலாம், தெரியாவிட்டால் அது நடுவழியில் தெரியும்.

டொயோட்டா ஹைஏஸில் வந்த 3.0 லிட்டர் 1கே.டி. டீசலை எடுத்துக்கொள்வோம். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு வால்வு கவருக்குள் வந்து ஆயிலைக் கரியாக்குகிறது. அந்தக் கரி கீழே இறங்கி, சம்ப்பில் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஆயிலை உறிஞ்சும் வலையை அடைக்கிறது. ஓட்டுநருக்கு வெளியே எதுவும் தெரியாது, ஒரு நாள் பேரிங் போகும். ஆகவே இந்த என்ஜினைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்ப்பதும், இன்ஜெக்டர் வாஷரை மாற்றுவதும் கட்டாயம். இரண்டும் சின்ன வேலை. செய்துவிட்டால் அது உழைக்கும் என்ஜின்.

ஃபோர்டு டிரான்சிட்டில் 2016இல் அறிமுகமான 2.0 லிட்டர் ஈகோபுளூ டீசலின் முதல் வடிவங்களில் டைமிங் பெல்ட் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. பெல்ட் நைந்தால் அதன் ரப்பர் துகளும் அதே உறிஞ்சும் வலையை அடைக்கும். கையில் வாங்கும் என்ஜினில் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று ஆதாரம் இல்லையென்றால், மாற்றப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

மெர்சிடிஸ் ஸ்பிரின்டரின் ஓ.எம்.651 நான்கு சிலிண்டர் டீசலில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும்போது அதைத் தொடுவது பெரும்பாடு. என்ஜின் வெளியே இருக்கும்போதே செயினையும் டென்ஷனரையும் பாருங்கள். அதே நிறுவனத்தின் ஓ.எம்.642 வி6 டீசலில் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது, அதன் ரப்பர் சீல் காய்ந்து ஆயில் ஒழுகும். வெளியே வைத்து மாற்றினால் சில மணி நேர வேலை, உள்ளே வைத்து மாற்றினால் பாதி என்ஜினைப் பிரிக்க வேண்டும்.

ஃபோர்டு இ வரிசை வேன்களில் வந்த பழைய 5.4 லிட்டர் இரண்டு வால்வு பெட்ரோல் என்ஜின் மற்றபடி நல்ல உழைப்பாளி. ஆனால் ஸ்பார்க் பிளக்குக்கு ஹெட்டில் மரை குறைவு, பிளக் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே தெறிப்பதுண்டு. பிற்கால ஹெட்டில் மரை கூட்டப்பட்டது. ஆகவே ஒரே என்ஜினிலும் எந்த வருடத்து ஹெட் என்று பார்ப்பது பலன் தரும்.

உங்கள் என்ஜினின் குறியீட்டு எழுத்தை வைத்து இதே மாதிரி விவரம் திரட்டுங்கள். லிட்டர் கணக்கு ஒன்றாக இருந்தாலும் குறியீடு மாறினால் பம்ப், டர்போ, பிஸ்டன் எல்லாம் மாறலாம். கூடவே உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அபூர்வமான நல்ல என்ஜினைவிட, எங்கும் கிடைக்கும் சாதாரண என்ஜின் வேனுக்கு ஏற்றது.

படி 5: செகண்ட் ஹேண்ட் என்ஜினைச் சோதிப்பது

ஓட்டிக் காட்டக்கூடிய வண்டியிலிருந்து எடுப்பதே முதல் தரம். குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் செயின் சத்தமும் நீலப் புகையும் உண்மையைச் சொல்லும்.

கீழே இறக்கி வைத்த என்ஜின் என்றால் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது பிடித்தால் வேண்டாம். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற படலம் இருக்கிறதா, கூலன்ட் துவாரங்களில் துரு நிறச் சேறா நல்ல நிறமா என்று பாருங்கள். கோர் பிளக்குகள் (பிளாக்கின் தண்ணீர்ப் பாதைத் துவாரங்களை மூடும் வட்டத் தகடுகள்) உள்ளிருந்து அரித்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியவரின் என்ஜின் இந்த இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிளக் ஓட்டையிலோ குளோ பிளக் ஓட்டையிலோ சின்ன கேமரா விட்டு சிலிண்டர் சுவரைப் பாருங்கள். ஹோனிங் போட்ட (ஆயில் தங்கச் சுவரை நுணுக்கமாக உரசிய) குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் நல்ல அடையாளம். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். விற்பவர் சம்மதித்தால் சம்ப்பைக் கழற்றி ஒரே ஒரு பிக் எண்ட் கேப்பை (கனெக்டிங் ராடைக் கிராங்கோடு பிடித்திருக்கும் கீழ் மூடி) இறக்கிப் பாருங்கள். பேரிங் ஷெல் சாம்பல் நிறத்தில் சீராக இருக்க வேண்டும். செம்பு தெரிந்தால் அந்த என்ஜினின் கதை முடிந்துவிட்டது.

கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். டெலிவரி வேன், ஆம்புலன்ஸ், ஏசி போட்டு நிற்கும் பயணிகள் வேன் எல்லாம் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடியிருக்கும். ஃபோர்டு தன் டீசல் வண்டிகளுக்கு ஒரு மணி நேர ஐடிலிங்கைச் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடுகிறது. ஈ.சி.யு.வில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) என்ஜின் ஓடிய மணிக்கணக்கு பதிவாகியிருந்தால் ஸ்கேனரில் எடுத்துப் பாருங்கள். ஓடிய கிலோமீட்டரை மணியால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். மணிக்கு 15, 20 என்று வந்தால் மீட்டர் காட்டுவதைவிட அந்த என்ஜின் அதிகம் உழைத்திருக்கிறது.

என்ஜின் எண் அழிக்கப்படாமல் தெளிவாக இருக்கிறதா, கொடுத்த காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். எண் பொருந்தாத என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பதிவுச் சான்றிதழில் ஏறாது, இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

படி 6: கட்டிய என்ஜின் என்றால் கேட்க வேண்டியவை

போர் எவ்வளவு பெரிதாக்கப்பட்டது? பிஸ்டன் எந்த ஓவர்சைஸ்? 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று பதில் வர வேண்டும். கிராங்க் எவ்வளவு கிரைண்ட் செய்தீர்கள், பேரிங் எந்த அண்டர்சைஸ்? சில கிராங்குகள் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டவை, கிரைண்ட் செய்தால் மறுபடி கடினப்படுத்த வேண்டும். அதைச் செய்தார்களா? ஹெட்டை விரிசல் சோதனை செய்தார்களா, அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்களா? ஆயில் பம்ப் புதிதா, பழையதைக் கழுவி மாட்டினார்களா? டைமிங் செட், வாட்டர் பம்ப், நீண்டு இறுகும் வகை ஹெட் போல்ட் எல்லாம் புதிதா?

அளவுத் தாள் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவும், ஒவ்வொரு ஜர்னலின் (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) அளவும், பேரிங் இடைவெளியும் எழுதிய ஒரே ஒரு தாள். அளந்து கட்டியவரிடம் அது இருக்கும், கேட்டதும் எடுத்துக் கொடுப்பார். "எல்லாம் கரெக்டா இருக்கு சார், பயப்படாதீங்க" என்ற பதில் மட்டும் வந்தால் அவர் அளக்கவில்லை.

வாரண்டியைப் படித்துப் பாருங்கள். பொருளுக்கு மட்டுமா, இறக்கி ஏற்றும் கூலிக்கும் சேர்த்தா? வேனில் கூலியே பெரிய தொகை. பல நிறுவனங்கள் ஹெட்டில் ஒரு சின்ன வெப்பக் குறிப்பானை ஒட்டியிருப்பார்கள், சூடு சுமார் 120 டிகிரியைத் தாண்டினால் அதன் நடுப்பகுதி உருகிவிடும். உருகினால் வாரண்டி இல்லை. நியாயமான நிபந்தனைதான். ரேடியேட்டரைச் சரிசெய்யாமல் என்ஜினைப் பூட்டுபவருக்கு அது ஒரு எச்சரிக்கையும்கூட.

படி 7: வேறு என்ஜின் பொருத்தும் ஆசை வந்தால்

ஒரிஜினல் என்ஜின் பலவீனமானது, அதைவிட நல்லதைப் போடலாம் என்ற எண்ணம் நியாயமானதுதான். வோக்ஸ்வேகன் டி3 வேனின் கதை இதற்கு நல்ல பாடம். அதன் தண்ணீரால் குளிரும் பாக்ஸர் என்ஜினில் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை) ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே தண்ணீர் உறையை ஒரு ரப்பர் கேஸ்கெட்தான் மூடுகிறது. தவறான கூலன்ட் ஊற்றினால் அந்த இடத்தில் ஹெட் அரித்து ஒழுகும். ஆகவே பலர் சுபாருவின் ஈ.ஜே.22 என்ஜினுக்கு மாறினார்கள். அதுவும் கிடைமட்டப் பாக்ஸர் வடிவம்தான், உறுதியானது. 1990களின் முற்பாதியில் வந்தவற்றில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது.

ஆனால் அங்கே இரண்டு பள்ளங்கள். இன்னும் கொஞ்சம் சக்தி வேண்டும் என்று ஈ.ஜே.25 போட்டவர்கள் ஹெட் கேஸ்கெட் பிரச்சினையை விட்டுவிட்டு இன்னொரு ஹெட் கேஸ்கெட் பிரச்சினையைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டாவது பள்ளம் கண்ணுக்குத் தெரியாதது. சுபாருவில் தெர்மோஸ்டாட் தண்ணீர் என்ஜினுக்குள் நுழையும் பக்கம் இருக்கிறது. ஹீட்டர் வழியும் பைபாஸ் வழியும் சூடான தண்ணீர் வந்து அதைத் தொட்டால்தான் அது திறக்கும். வேனுக்கு ஏற்றபடி குழாய்களை மாற்றும்போது இந்த ஓட்டத்தை அடைத்துவிட்டால் தெர்மோஸ்டாட்டுக்குச் செய்தி போகாது. ரேடியேட்டர் புதிதாக இருந்தும் என்ஜின் ஹீட் ஆகும். பிறகு "சுபாரு என்ஜின் சரியில்லை" என்ற பேச்சு வரும். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது, பூட்டியது சரியில்லை.

ஆகவே வேறு என்ஜின் என்றால் இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகே பணம் கொடுங்கள்: அடாப்டர் தட்டு, ஃப்ளைவீல், கிளட்ச் பொருத்தம் தயாராகக் கிடைக்கிறதா? கியர்பாக்ஸ் அந்த டார்க்கைத் தாங்குமா, கியர் விகிதம் பொருந்துமா? சம்ப் தரையைத் தட்டாமல் இருக்க அதைக் குட்டையாக்கினால் வளைவிலும் ஏற்றத்திலும் ஆயில் உறிஞ்சும் வாய்க்கு வெளியே போகாமல் இருக்குமா? ஈ.சி.யு., ஒயரிங், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) முழுதாக வருகின்றனவா? புகைச் சோதனையில் தேறுமா, பதிவு அலுவலகம் ஏற்குமா? இதற்கெல்லாம் மேலாக, இதே வேனில் இதே என்ஜினைப் பலர் பூட்டி ஓட்டியிருக்கிறார்களா? முதல் ஆளாக நீங்கள் இறங்கினால் ஒவ்வொரு பைப்பும் ஒவ்வொரு பிராக்கெட்டும் சோதனை ஓட்டம்தான். பிழைப்புக்கு ஓட்டும் வேனில் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 8: பூட்டுவதற்கு முன் மாற்ற வேண்டியவை

என்ஜின் வெளியே இருக்கும்போது கைக்கு எட்டும் இடங்கள் உள்ளே போனபின் எட்டாது. டைமிங் பெல்ட் செட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பின்பக்கக் கிராங்க் சீல், எல்லா ரப்பர் ஹோஸும், என்ஜின் மவுண்ட், தேய்ந்திருந்தால் கிளட்ச், துருப்பிடித்த கோர் பிளக். டர்போ உள்ளதென்றால் அதன் ஆயில் பைப்பைப் புதிதாகவே போடுங்கள், உள்ளே கரி கட்டிய பைப் புது டர்போவைச் சில நிமிடத்தில் எரித்துவிடும்.

என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியே ஓடி அவற்றைக் கருக்கும். காரணம் புரியாத சென்சார் கோளாறுகளும் வரும்.

என் தனிப்பட்ட வற்புறுத்தல் இரண்டு: உண்மையான எண் காட்டும் ஆயில் பிரஷர் கேஜ், கூலன்ட் அளவு குறைந்தால் கத்தும் அலாரம். வண்டியோடு வரும் ஆயில் விளக்கு பிரஷர் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகுதான் எரியும். டெம்பரேச்சர் முள்ளோ, சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுதும் வெளியே போய்விட்டால் முள் அமைதியாக நடுவில் நிற்கும், உள்ளே ஹெட் வளைந்துகொண்டிருக்கும்.

படி 9: முதல் ஸ்டார்ட், முதல் ஆயிரம் கிலோமீட்டர்

பற்றவைக்காமல் முதலில் ஆயில் ஏற்றுங்கள். பெட்ரோலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, டீசலில் எரிபொருள் வராமல் செய்துவிட்டு, கேஜில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். தொடர்ந்து சுற்றாமல் இடைவெளி விடுங்கள், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். ஃபோர்டு டிரான்சிட்டின் 2006க்குப் பிந்தைய 2.2, 2.4 டீசல்களில் ஆயிலை வடித்து நெடுநேரம் விட்டாலே பம்ப் ஆயில் பிடிப்பதை இழந்துவிடும். அப்படிப்பட்ட என்ஜின்களில் இந்தப் படியைத் தாண்டிப் போனால் முதல் நிமிடத்திலேயே பேரிங் போகலாம்.

கூலன்ட் ஊற்றும்போது காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். பின்பக்கமோ நடுவிலோ என்ஜின் உள்ள வேன்களில் ரேடியேட்டர் முன்னால் இருக்கும், நீளமான குழாய்களில் காற்று பதுங்கும். முன்பக்கத்தை உயர்த்தி வைத்து, ரேடியேட்டரின் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும் வரை பொறுமையாகச் செய்யுங்கள். ஹீட்டரைத் திறந்து வைத்திருங்கள்.

புதிதாகக் கட்டிய என்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள். ரிங் சுவரோடு படிய மிதமான சுமை வேண்டும். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு லோடும் முழு ஆக்சிலேட்டரும் வேண்டாம். ஃப்ளாட் டப்பெட் கேம் (வால்வைத் தள்ளும் டப்பெட்டில் உருளை இல்லாமல் கேம் நேராக உரசும் அமைப்பு) உள்ள பழைய வகை என்ஜின் என்றால் மட்டும் நடைமுறை வேறு: ஸ்டார்ட் ஆனதும் ஐடிலுக்கு விடாமல் சுமார் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் ஓட்டி கேமைப் படிய வைக்க வேண்டும், துத்தநாகச் சேர்மம் கூடிய ஆயிலோடு.

முதல் ஆயிலை 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். கட்டிய என்ஜினில் முதல் ஃபில்டரில் கொஞ்சம் நுண்பொடி இருப்பது இயல்பு. இரண்டாவதில் அது குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு, வாரண்டிக் காகிதத்தோடு கட்டியவரிடம் போங்கள். ஹோஸ் கிளாம்ப், மவுண்ட் போல்ட் இறுக்கத்தையும், திருகிச் சரிசெய்யும் டப்பெட் என்றால் அதன் இடைவெளியையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். ஆயில் வாங்கிய ரசீதும் தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் இருக்கட்டும், வாரண்டி கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

மாற்றுக்குப் பழைய என்ஜினைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம் இல்லையென்றால் அதை உடனே கழிவுக்குப் போடாதீர்கள். புது என்ஜின் இரண்டாவது ஆயில் மாற்றத்தைத் தாண்டும் வரை மூலையில் கிடக்கட்டும். ஒரு பிராக்கெட், ஒரு சென்சார், நீளம் மாறிய ஒரு போல்ட் என்று ஏதாவது ஒன்றுக்கு அது தேவைப்படும். திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், பிராக்கெட்டுகள், ஒயர் கிளிப்புகள், வாக்வம் குழாய்கள் எந்தப் பக்கம் எப்படிப் போகின்றன என்று எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்ட பிறகு அனுப்புங்கள்.